அவ உங்கிட்ட பேசினாளா?

1

போன மாதம், தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கடலூர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வருடா வருடம் போவதுதான். கடலூர்க்காரரைக் கட்டி, மஞ்சக்குப்பத்தில் வீடு எடுத்து, பிள்ளையும் பெற்றாயிற்று. சட்டப்படி நான் இங்கே இன்னும் வெளிநாட்டவள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் புதியவர், தன்மையானவர். கேள்விகளை வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தவர், "உங்க மேல எப்பவாச்சும் விசாரணை ஏதாவது நடந்திருக்காம்மா?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. "இல்லை" என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் மடியில் இருந்த மகளின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன் போல.

"வலிக்குதும்மா, வுடு" என்றாள்.

மகளுக்கு மூன்று வயது. "வுடு" என்பாள், "வர்றேன்" என்பாள். நான் "வாறன்" என்றால் சிரிப்பாள். மட்டக்களப்பிலிருந்து என் அப்பா போனில் "என்னகா செய்யிறீங்க?" என்று கேட்டால், போனை என்னிடம் நீட்டி, "தாத்தா என்னமோ சொல்றாரு, நீயே கேளு" என்பாள். இருவர் பேசுவதும் தமிழ். நடுவில் நின்று மொழிபெயர்க்கிறவள் நான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. யாருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. இங்கே சொல்ல முடியாத விஷயம். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லலாம். இதில் வருகிறவர்கள் இருக்கிற கம்மாபுரத்துப் பக்கம் யாரும் நம் மட்டக்களப்புச் சஞ்சிகையை வாசிக்கப்போவதில்லை. என்றாலும் பயம் பயம்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஓசூர் என்று நான் எழுதுகிற ஊர் ஓசூர் இல்லை.

2

2006 நடுவில், ஒரு வருடப் பரிமாற்ற மாணவியாக அண்ணாமலை நகருக்கு வந்தேன். தாவரவியல். ஊரில் மறுபடி சண்டை தொடங்கியிருந்த நேரம். விமான நிலையத்தில் அப்பா சொன்ன ஒரே புத்திமதி, "அங்க போய் ஒருத்தருக்கும் ஒண்டும் கதையாத. படிச்சமா, படுத்தமா எண்டு இரு" என்பதுதான்.

கதைக்காமல் எப்படி இருப்பது? பெண்கள் ஹாஸ்டலில் என் அறைத்தோழி வளர்மதி முதல் நாளே என்னைக் கேள்வியால் துளைத்துவிட்டாள். கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண். உரத்துச் சிரிப்பாள். குளிக்கப் போனால் வாளியால் கதவைத் தட்டித் தாளம் போடுவாள்.

"நான் மறுகா குளிக்கிறன், நீ போ" என்றேன் ஒருநாள்.

"மறுக்காவா? காலைலதான குளிச்ச? ஒரு நாளைக்கு எத்தினி தரம்டி குளிப்ப?"

நமக்கு மறுகா என்றால் பிறகு. இவர்களுக்கு மறுக்கா என்றால் இன்னொரு தரம். இப்படி எத்தனையோ. வார்டன் என்னைப் பேசினா என்று நான் கண் கலங்கிச் சொன்னால், "பேசினா நல்லதுதான?" என்பாள். இங்கே பேசுவது என்றால் கதைப்பது. நம் ஊரில்தான் ஏசுவது. வளர்மதி எனக்கு ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக் கொடுத்தாள். நான் கடைக்குப் போனால் அவளும் வருவாள், நான் வாய் திறக்க முன்னம் அவளே சாமானைக் கேட்டுவிடுவாள். எனக்கு அது பெரிய நிம்மதி. ஆமாவுக்குப் பதில் "ஓம்" என்று ஒரு சொல் வாயில் வந்துவிட்டால் போதும், கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "சிலோனா?" என்று கேட்பார். பெரும்பாலும் அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனாலும் சோதனைச் சாவடிகளில் வளர்ந்த எனக்கு, எந்த ஊர் என்று யாராவது கேட்டால் கை தானாக அடையாள அட்டையைத் தேடும்.

காலையில் மெஸ்ஸில் பொங்கல். பிறகு ஆய்வுகூடம். மத்தியானம் நூலகத்தில் தூங்காமல் இருக்கப் பாடுபடுவது. சாயங்காலம் ரயில் பாதையைத் தாண்டிச் சிதம்பரம் கடைத்தெரு வரைக்கும் ஒரு நடை. அப்பா ஞாயிறுகளில் போன் எடுப்பார். "அங்க எப்படி?" என்று நான் கேட்டால், "மழை" என்பார். குண்டுச் சத்தத்துக்கு அதுதான் எங்கள் சொல். "நீ வந்திராத. அங்கேயே இரு" என்று சொல்லி வைத்துவிடுவார். அதனால் எனக்கு அந்த அனுமதிச் சீட்டு வெறும் கடுதாசி இல்லை. அது கிழிந்தால் நான் மழைக்குள் போகவேண்டும்.

3

2007 தொடக்கத்தில் அனுமதி நீட்டிப்புக்காகக் கடலூர் போகவேண்டி வந்தது. வார்டன் மேடத்திடம் வளர்மதிதான் கேட்டாள். "பாவம் மேடம், அவளுக்கு வழி தெரியாது. நானும் கூடப் போயிட்டு வந்துடறேன்." மேடம் தலையாட்டினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவள் வழி முழுக்க வாயே திறக்கவில்லை. சுகமில்லையாக்கும் என்று நினைத்தேன். கடலூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் என் கையைப் பிடித்து ஒரு பழக்கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு பையன் தோளில் பையோடு நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. ஆரோக்கியராஜ் என்று அவள் எப்போதோ சொன்ன பெயர் ஞாபகம் வந்தது. எங்களுக்கு இரண்டு வருடம் மூத்தவன், படித்து முடித்து வெளியூரில் வேலைக்குப் போனவன். வேதக்காரப் பையன், கிறிஸ்தவன். அவள் சாதியும் இல்லை.

"சுகந்தி, நான் இப்படியே போறேன்" என்றாள்.

"எங்க?"

"அது ஒனக்கு வேணாம். ஒன்னைய மாட்டிவுட்டுட்டுப் போறேன், தெரியும். வேற வழி தெர்ல. தை முடியறதுக்குள்ள மாமா பையனுக்குக் கட்டி வெக்கப் போறாங்க. எங்கூட்டுல கண்டுபுடிச்சா ரெண்டு பேரையும் உயிரோட வுட மாட்டாங்க."

அவள் மிகைப்படுத்தவில்லை. அந்த வட்டாரத்தில் அப்படி நடந்த கதைகளை ஹாஸ்டலில் தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"நான் என்ன சொல்லுறது, வளர்மதி? என்னோடதானே வந்த நீ?"

"பஸ் ஸ்டாண்டுல எறங்கினோம், அப்பறம் போயிட்டா, எங்கன்னு தெரியாதுன்னு சொல்லு. நெசமும் அதான?"

என் கன்னத்தில் கை வைத்தாள். அவள் விரல்கள் ஐஸ் போல இருந்தன. பிறகு இருவரும் ஒரு பஸ்ஸில் ஏறினார்கள். அது எந்த ஊர் பஸ் என்று பார்க்கக்கூடாது என்று நான் திரும்பி நின்றுகொண்டேன்.

அன்று அந்த அலுவலகத்தில் என்ன கேட்டார்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்று ஒன்றும் ஞாபகம் இல்லை. நீட்டித்துக் கொடுத்தார்கள். தனியாகச் சிதம்பரம் திரும்பினேன்.

4

அடுத்த நாள் மதியம் ஆய்வுகூடத்தில் இருந்த என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். வார்டன் மேடத்தின் அறையில் இரண்டு ஆண்கள். ஒருவர் வளர்மதியின் தாய்மாமா, வெள்ளை வேட்டி, உரத்த குரல். மற்றவன் அவளுடைய அண்ணன் சேகர். உரக்கடை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

மாமாதான் தொடங்கினார். "போறதுக்கு முன்னாடி அவ உங்கிட்ட பேசினாளா?"

அங்கே வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பேசுவது என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பயம் வந்தால் மனிதனுக்குப் பழகிய மொழி போய்விடுகிறது, பிறந்த மொழிதான் மிஞ்சுகிறது. ஏசினாளா என்று கேட்கிறார் என்றே காதில் விழுந்தது.

"இல்லை. அவ என்னை ஒருநாளும் பேசினதில்லை" என்றேன்.

"ஒரே ரூமுல இருக்குறாங்க. ஒருநாளும் பேசினதில்லியாம்" என்றார் மாமா மேடத்தைப் பார்த்து. "பாத்துக்கங்க, எப்படி வாய் கூசாம பொய் சொல்லுதுன்னு."

நான் பதறிப் போய் மேலும் கெடுத்தேன். "பஸ் ஸ்டாண்டில இறங்கினம். மறுகா அவ போயிட்டா. எங்க எண்டு எனக்குத் தெரியா."

"மறுக்காவா?" அவர் எழுந்துவிட்டார். "அப்ப இதுக்கு முன்னாடியும் ஒரு தரம் போயிருக்கா. நீதான் கூட்டிக்கிட்டுப் போயிருக்க."

எந்தச் சொல்லை எடுத்தாலும் அது வேறு அர்த்தமாகி அவர் கையில் போய்ச் சேர்கிறது. அவர் மேசையைத் தட்டினார். "சிலோன்லேருந்து வந்தவ நீ. எங்க பொண்ணக் கடத்திட்டான்னு ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும். நாளைக்கே ப்ளைட்ல ஏத்திவுட்ருவாங்க. தெரியுமா?"

தெரியும். முந்தின நாள் முழுக்க நான் நினைத்துக்கொண்டு இருந்ததே அதைத்தான்.

வார்டன் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவுங்க ஊருல பேசறதுன்னா திட்றதுங்க. மறுகான்னா அப்பறம். அது எனக்கே போன மாசந்தான் தெரியும். உங்க பொண்ணு மேஜர். எழுதிக் குடுக்கறதா இருந்தா குடுங்க, நானும் வந்து சொல்றேன். ஆனா என் ரூமுல ஒக்காந்து எங்க பொண்ண மெரட்டாதீங்க."

எங்க பொண்ணு என்று அவர் சொன்னது என்னை என்று விளங்க எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது.

அவர்கள் போன பிறகு மேடம் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டு மேல்மாடியில் மூன்று பேர் இருக்கிற அறைக்குப் போகச் சொன்னார். "தனியா வெளிய போகாத" என்று மட்டும் சொன்னார்.

5

பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பயந்துகொண்டு இருந்தேன், அவ்வளவுதான். ஹாஸ்டல் வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் புத்தகத்தை மூடிவிடுவேன். வகுப்பில் பேராசிரியர் என் பெயரைச் சொன்னால், கேள்வி கேட்கத்தான் என்று விளங்க முன்னமே எழுந்து கதவைப் பார்ப்பேன். மெஸ்ஸில் சோறு இறங்காது. அப்பா போனில், "குரல் ஒரு மாதிரி இருக்கு, ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். "ஒண்டும் இல்லப்பா, இஞ்ச உறைப்பு ஜாஸ்தி" என்றேன். ஜாஸ்தி என்ற சொல்லைக் கேட்டு அவர் சிரித்தார். நல்லவேளை.

மாமா எழுதிக் கொடுக்கவில்லை. ஊருக்கு விஷயம் தெரிந்தால் மானம் போய்விடும் என்று விட்டிருக்கலாம், அல்லது தாங்களே தேடிக்கொள்வோம் என்று இருந்திருக்கலாம். இரண்டாவதை நினைத்தால்தான் எனக்கு அதிக பயம்.

ஒருநாள் தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தது. வளர்மதி.

"நல்லா இருக்கேன். பதிவு பண்ணிட்டோம். ஓசூர்ல இருக்கோம்."

"ஊரைச் சொல்லாத எண்டு சொல்லத்தான் வாயெடுத்தன். சொல்லிப்போட்டியே."

"யாருக்காச்சும் ஒருத்தருக்குத் தெரியணும், சுகந்தி. எங்களுக்கு ஏதாவது ஆனா எங்க இருந்தோம்னாவது தெரியணும்ல" என்றாள். பிறகு, "எங்கம்மாவப் பத்தி ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து பயம் வேறு விதமாகிவிட்டது. அதுவரை தெரியாது என்று சொன்னது உண்மை. இனிமேல் அது பொய். என் வாய் எவ்வளவு மோசமான வாய் என்று எனக்குத் தெரியும்.

சில வாரம் கழித்து, சிதம்பரத்திலிருந்து தோழிகளோடு நடந்து வரும்போது ரயில் பாதைக்குப் பக்கத்து டீக்கடையில் சேகர் நின்றான். அவனைக் கண்டதும் என்னோடு வந்தவர்கள் என் இரு பக்கமும் நெருங்கினார்கள். அவன் கிட்ட வரவில்லை. சற்றுத் தள்ளி நின்றே கேட்டான்.

"எங்கன்னு கேக்கல. இருக்காளா?"

இருக்கிறாள் என்றால் எனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்வதாகும். தெரியாது என்றால், இன்று இரவு அந்த வீட்டில் ஒரு தாய் என்ன நினைத்துக்கொண்டு படுப்பா? நான் அவன் முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்யாத முகம். நல்லவனா கெட்டவனா என்று ஒரு முகத்தில் எழுதியா இருக்கிறது?

"இருக்கா" என்றேன்.

அவன் தலையை அசைத்தான். கையில் இருந்த டீயைக் குடிக்காமல் கடைப் பலகையில் வைத்தான். பிறகு மிக மெதுவாக, "எந்த ஊரு?" என்றான்.

இதற்காகத்தான் முதல் கேள்வியைக் கேட்டானா? தோழி ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள், நடந்தோம். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே வளர்மதியைக் கூப்பிட்டு வீடு மாறச் சொன்னேன். மாறினார்கள். அதே ஊரில் வேறு தெரு.

அவன் மறுபடி வரவில்லை. அதுவும் எனக்கு நிம்மதி தரவில்லை.

6

ஒரு வருடத்துக்கு என்று வந்தவள், ஊர் நிலைமையால் நீட்டித்து நீட்டித்துப் படிப்பையும் இங்கேயே முடித்தேன். 2008இல் கடலூரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருக்கிற அன்புவைக் கட்டினேன். மகள் பிறந்தாள். வளர்மதிக்கு அதற்கு முன்பே ஒரு பையன். மாதம் ஒருமுறை பேசிக்கொள்வோம். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அவள் அம்மாவிடம் வந்து நிற்கும். பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அந்தப் பெண்ணின் அம்மா தலை சீவிவிட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று ஒருமுறை சொன்னாள்.

2010 தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அன்பு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். திறந்தால் ஒரு அம்மா. நரைத்த தலை, கையில் மஞ்சள் பை. நான் அவவை ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் அந்தக் கண்ணையும் நெற்றியையும் ஒரே அறையில் எட்டு மாதம் பார்த்திருக்கிறேன்.

"நீதான சுகந்தி?" என்றா. "வளர்மதி அம்மா நான்."

நான் முதலில் பார்த்தது அவவை இல்லை. அவ தோளுக்குப் பின்னால் தெருவை. கார் ஏதும் நிற்கிறதா, திருப்பத்தில் யாரும் ஒதுங்கி நிற்கிறார்களா என்று. அவவுக்கு அது விளங்கிவிட்டது.

"யாரும் வரல, புள்ள. வடலூருக்கு ஜோதி பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அங்க வந்த கூட்டத்துல புகுந்து பஸ்சு மாறி வந்துட்டேன்."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். எங்கள் வீடு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சேகரு சொன்னான். ஒனக்குக் கல்யாணமானதுலேருந்து அவனுக்குத் தெரியும். மாமனுக்குச் சொல்லல." பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தா. "அந்தப் பொண்ணுக்குத் தெரியும்மா, ஆனா சொல்லாது, நீயே போய்க் கேளுன்னான். எந்த ஊருன்னு வந்து எனக்குச் சொல்லாத, மாமன் கேட்டா எனக்கு வாயில நிக்காதுன்னான்."

ரயில் பாதைப் பக்கத்து டீக்கடையில் நின்றவனை நான் அதுவரை எத்தனையோ விதமாக நினைத்திருக்கிறேன். இப்படி ஒருநாளும் நினைக்கவில்லை. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த அம்மா உண்மை சொல்லலாம். இவவை அனுப்பிவிட்டு யாரோ பின்னால் வரலாம், இவவுக்கே தெரியாமல்.

அடுக்களைக்குள் போய் வளர்மதியைக் கூப்பிட்டேன். "உன்ர அம்மா எங்கட வீட்ட வந்திருக்கிறா" என்றேன்.

"தனியாவா?" என்றாள்.

"தனியாத்தான் வந்தன் எண்டு சொல்லுறா. எனக்குத் தெரியா, வளர்மதி. என்னட்டக் கேக்காத. நீ சொல்லு, நான் செய்யிறன்."

பின்னால் அவள் பையன் எதற்கோ அழுதுகொண்டிருந்தான். அவள் அவனைச் சமாதானப்படுத்தவில்லை.

"அனுப்பு" என்றாள்.

அன்பு பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னார். பஸ் நிலையத்தில் நான் அந்த அம்மாவோடு நின்றேன், அன்பு எங்கள் மகளைத் தூக்கிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூர் போகிற பஸ்ஸில் ஏற்றி, ஓசூரில் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் இரண்டு தரம் சொன்னேன். ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் அந்த அம்மா அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டா. கடலூரைத் தாண்டி அவ தனியாகப் போனதே இல்லையாம்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"அவ போன நாளா இருக்கு" என்றா.

பஸ் போனது. அதன் பின்னால் வேறு ஏதும் வண்டி கிளம்புகிறதா என்று இருவரும் நின்று பார்த்தோம். ஒரு மினி பஸ்ஸும் பால் வண்டியும்தான் போயின. அந்தப் பால் வண்டியைக்கூட நான் சந்தேகப்பட்டேன்.

அன்று முழுக்க நான் சமைக்கவில்லை. அன்பு கடையில் இட்லி வாங்கி வந்தார், தொட முடியவில்லை. திருவண்ணாமலை தாண்டியிருக்கும், கிருஷ்ணகிரி வந்திருக்கும் என்று மனம் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்ன ஒரு ஊர்ப் பெயரால் மூன்று உயிர் போய்விட்டால், பிறகு எந்த ஊரில் போய் நான் இருப்பேன்? விளக்கு வைக்கிற நேரமும் தாண்டியது. நானே கூப்பிட்டுப் பார்க்கவும் பயமாக இருந்தது.

கடைசியில் போன் அடித்தது. வளர்மதிதான். ஆனால் சத்தமாகச் சிரிக்கிற, வாளியால் தாளம் போடுகிற வளர்மதியின் குரல் இல்லை. பக்கத்தில் யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பது போல மிகத் தாழ்ந்து பேசினாள்.

"வந்துட்டாங்க. சாப்புடக்கூட இல்ல. பையன மடியில வாங்கினாங்க, அப்படியே செவுத்துல சாஞ்சு தூங்கிட்டாங்க. ரெண்டு பேரும் தூங்குறாங்க."

7

அம்மா ஒரே ஒரு நாள் இருந்துவிட்டுத் திரும்பினா. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அடுத்த வருடமும் போனா, இந்த வருடமும் போனா. ஒவ்வொரு தரமும் எங்கள் வீட்டு வழியாகத்தான். ஒவ்வொரு தரமும் நாங்கள் பஸ் நிலையத்தில் நின்று அந்த பஸ்ஸுக்குப் பின்னால் எது போகிறது என்று பார்க்கிறோம். போன் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. மாமா இன்னும் நல்ல திடகாத்திரமாக இருக்கிறார்.

போன தையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அந்த அம்மா சொன்னா: தெருவில் எல்லாரும் அவவைப் பற்றி இப்போது மரியாதையாகப் பேசுகிறார்களாம். பெண் ஓடிப்போன துக்கத்தில் சாமியிடம் ஒதுங்கிவிட்டாள், எந்த வருடமும் ஜோதி தரிசனத்தைத் தவறவிடுவதில்லை என்று. மாமாவே இந்த முறை வழிச்செலவுக்கு என்று கையில் கொடுத்து, தனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வரச் சொன்னாராம்.

"கும்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இனிமேதான்" என்று சொல்லிவிட்டு, பையை இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினா.